ஸ்லைடு போதாது, பிளாக் கேளுங்கள்

தாய்மாமாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். தாராவித் தோல் பட்டறையில் முப்பது வருஷ வேலை, கூடவே வாயில் புகையிலை ஒதுக்கும் பழக்கம். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருஷத்தில் கழுத்தில் மறுபடி கட்டி. இந்தத் தடவை கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனில் எடுத்த பழைய பிளாக்கில் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு என்று பார்த்து வரச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டுக்காகப் பதினொரு நாள் அலைந்தேன். வேறு யாருக்கும் அத்தனை நாள் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அது பிளாக். அதை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட்டால் ஸ்லைடு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் கடிதம் கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்து வாங்கியது சாயம் போட்ட இரண்டு ஸ்லைடு. சயானில் ரயிலேறி பரேல் போய் லேப்பில் கொடுத்தால், இது உதவாது, பிளாக் வேண்டும் என்றார்கள். திரும்பப் போனேன். இப்போது கொடுத்தது தாடை எலும்பு இருந்த பிளாக். எலும்பைச் சீவுவதற்காக அமிலத்தில் ஊறவைப்பார்களாம். அதில் புரதம் கெட்டுவிட்டால் சோதனையை நம்ப முடியாது.

லேப்பில் இருந்த அக்காதான் வழி காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு தந்த பயாப்சி ரிப்போர்ட்டிலேயே எந்த பிளாக்கில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறது. மாமாவுக்குக் கட்டி இருந்தது ஏ3. ஒன்றரை வருஷம் பைலில் இருந்த பக்கம், வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. பிடி-எல்1 உள்ள அணுக்களை எண்ணித்தான் ரிசல்ட் சொல்வார்கள், எண்ணுவதற்கு உயிரோடிருந்த புற்றணுக்கள் 100 ஆவது வேண்டும் என்பதால், நல்ல பிளாக்கைக் கேட்டு வாங்குவது அவ்வளவு முக்கியம்.

ரிசல்ட்: சிபிஎஸ் என்ற அந்தக் கணக்கில் 8.

"மருமவனே, நூத்துக்கு எட்டுன்னா பெயிலா?" என்றார் மாமா. குரல் உடைந்திருந்தது.

"மார்க் இல்ல மாமா" என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். நம் உடம்பின் டி செல்லில் பிடி-1 என்று ஒரு பிரேக். புற்றணு தன்மேல் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அந்த பிரேக்கை அழுத்திவிடும், டி செல் தாக்காமல் நின்றுவிடும். இதற்கென்று இருக்கும் மருந்து அந்த அழுத்தத்தை விலக்குகிறது. புற்றணு, அதைச் சுற்றியுள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் இரண்டிலும் பிடி-எல்1 சாயம் ஏறியவற்றை எண்ணி, மொத்தப் புற்றணுக்களால் வகுத்து நூறால் பெருக்கினால் சிபிஎஸ். 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப்பைக் கீமோ இல்லாமல் தனியாகவே கொடுக்கலாம். 20-க்கு மேல் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. மாமா நடுவில்.

ஆனால் அதன் விலை லட்சங்களில். எங்களால் முடியாது என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. டாக்டர் உடனே வேறு வழி சொன்னார். பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு: மெத்தோட்ரெக்சேட், செலகாக்ஸிப், எர்லாட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே போல பிரேக்கை விலக்கும் நிவோலுமாப் மருந்து வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவு 240, அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்ந்தபோது 43.4. குணமாகும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த ஊரில், நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்து யாரோ இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வழியில்தான் மாமாவுக்கு நேற்று நிவோலுமாப் மூன்றாவது டோஸ். முன்கூட்டியே தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்தோம், ஏனென்றால் பிரேக் விட்ட டி செல் தைராய்டையும் தாக்கலாம். விடாத பேதி, வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை அந்த மூன்றையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

ஏ3 பிளாக்கை லேப்பிலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். மெழுகு உருகிவிடக் கூடாதென்று, அடுப்பிலிருந்து தள்ளி, பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது.