பட்டாளத்தில் படித்ததற்கும் கிரெடிட் உண்டு, கேட்டு வாங்குங்கள்

நம் ஆட்கள் மலேசியப் பட்டாளத்தில் 21 வருடம் முடித்துப் பென்சனோடு வெளியே வரும்போது பெரும்பாலும் நாற்பது வயதுதான் ஆகியிருக்கும். இன்னும் இருபது வருடம் உழைக்கத் தெம்பு இருக்கும், பிள்ளைகள் அப்போதுதான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் எனக்குத் தெரிந்த முன்னாள் ராணுவத்தினர் பலர் நேராகப் போய் நின்றது தொழிற்சாலை வாசலில், ஜாகா என்னும் காவலாளி வேலைக்கு. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், எத்தனையோ குடும்பங்கள் அதில் தலையெடுத்திருக்கின்றன. என் ஆதங்கம் என்னவென்றால், ஒரு கெம்மின், அதாவது ராணுவ முகாமின், வண்டிக்கூடத்தையே நடத்தியவர், உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர், வருடா வருடம் வரும் புதுப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், எல்லாரும் வேலை விண்ணப்பத்தில் "எஸ்பிஎம்" என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வின் ஒரே வரிக்குள் அடங்கிப்போகிறார்கள்.

அதிகாரிகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. கோலாலம்பூர் சுங்கை பீசியில் இருக்கும் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் 2006-இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது, அங்கே பயிற்சி பெறும் கெடட்டுகள் சீருடையோடு பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். சாதாரண வீரராகச் சேர்ந்து போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி முடித்து, பிறகு கோர்ஸ் மேல் கோர்ஸாகப் போய் ஸ்டாஃப் சார்ஜன் வரை ஏறியவருக்குக் கையில் மிஞ்சுவது ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள்தான். அந்தக் கோப்புக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பு உண்டு என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

மதிப்பு உண்டு. அதற்கான வழியின் பெயர் ஏபெல். எம்கியூஏ என்று நாம் சொல்லும், உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்புதான் இதற்கு விதிகள் வகுக்கிறது. முன் அனுபவத்தில் கற்றதை அளந்து பார்த்து அங்கீகரிப்பது இதன் நோக்கம். இதில் ஏபெல் ஏ என்பது உள்ளே நுழைவதற்கு: எஸ்டிபிஎம் என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு, டிப்ளோமா எதுவும் இல்லாவிட்டாலும் 21 வயதும் துறை சார்ந்த அனுபவமும் இருந்தால், ஒரு தகுதித் தேர்வும், போர்ட்ஃபோலியோ என்னும் அனுபவ ஆதாரத் தொகுப்பின் மதிப்பீடும் தாண்டி இளங்கலைப் பட்டத்துக்குச் சேரலாம். இது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, விளம்பரங்களும் வருகின்றன. நான் பேச வந்தது அடுத்ததைப் பற்றி. ஏபெல் சி. சேர்ந்த பிறகு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்களை மறுபடி உட்கார்ந்து படிக்காமல் அவற்றுக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுகளை, வாங்கிக்கொள்ளும் வழி அது. பலர் நுழைந்ததோடு நின்றுவிடுகிறார்கள், இதைக் கேட்பதே இல்லை.

கணக்கைப் பாருங்கள். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஏபெல் சி வழியாக மொத்தத்தில் 30 விழுக்காடு வரை வாங்கலாம், அதாவது 36 கிரெடிட். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்தால் 12 பாடங்கள். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல், அதனால் இது 1,440 மணி நேரத்தை மிச்சப்படுத்தும் விஷயம். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கிற குடும்பஸ்தருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, சராசரி மதிப்பெண்ணிலும் சேராது, பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டில் சேரும்.

அமெரிக்காவில் இது பழைய ஏற்பாடு. முதல் உலகப்போர் முடிந்து வந்தவர்களுக்கு அங்கே சில கல்லூரிகள் "பட்டாளத்தில் இருந்தாயா, இந்தா கிரெடிட்" என்று மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தன, அது சரிப்படவில்லை. இரண்டாம் போரின் முடிவில் அமெரிக்கக் கல்வி மன்றம் ஒவ்வொரு ராணுவக் கோர்ஸையும் தனித்தனியாக ஆராய்ந்து இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. இன்றும் அதே முறைதான், வீரரின் பயிற்சிகளும் அந்தப் பரிந்துரைகளும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சாகி வருகின்றன. விமானப்படைக்கோ 1972 முதல் சொந்தக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் அங்கேயும் கடைசி முடிவு சேர்கிற கல்லூரியின் கையில். சேவை செய்ததற்கு நன்றியாகக் கிரெடிட் தரக்கூடாது, கற்றதற்குத்தான் தரவேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. நன்றிக்குப் பென்சன் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது.

அதே கொள்கைதான் இங்கேயும். இங்கே சிரமம் என்னவென்றால், கற்றேன் என்று காட்ட வேண்டிய வேலை முழுக்க நம் தலையில்தான் விழுகிறது.

என் சித்தப்பாவின் போர்ட்ஃபோலியோவை அவரோடு உட்கார்ந்து தயாரித்தபோது இது எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் ராணுவ வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தவர், லெபனானில் ஐ.நா. அமைதிப்படையிலும் ஒரு தவணை இருந்தார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை செய்வதால் இந்த மாதிரி விண்ணப்பப் பாரங்கள் எனக்குக் கொஞ்சம் பழக்கம். மனிதவள நிர்வாகப் பாடத்துக்குக் கிரெடிட் கேட்க வேண்டும், அதில் ஒரு கற்றல் பயன், அதாவது பாடம் முடித்தவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியது, "ஊழியர்களின் பயிற்சித் தேவையைக் கண்டறிந்து பயிற்சியைத் திட்டமிடுவது". சித்தப்பா எழுதிக் கொடுத்தது: "பல வருடம் லோரி ரிப்பேர் பார்த்தேன், ஜூனியர்களைக் கவனித்துக்கொண்டேன்." உண்மைதான், ஆனால் மதிப்பிடுகிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சரி சித்தப்பா, புதுப் பையன் வந்தால் முதல் வாரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்புறம்தான் எல்லாம் வந்தது. முதலில் ஒரு பிரேக் வேலையைக் கொடுத்து எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பார்ப்பாராம், எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாராம், மூன்று மாதத்துக்கு யாரை எந்த மூத்தவரோடு சேர்ப்பது என்று அட்டவணை போட்டு மேஜரிடம் கையெழுத்து வாங்குவாராம், கடைசியில் அதே பிரேக் வேலையைத் திரும்பக் கொடுத்துச் சோதிப்பாராம். பயிற்சித் தேவை, திட்டம், மதிப்பீடு, மூன்றும் அதில் இருக்கின்றன. பாடத்தின் பெயர் மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதை அப்படியே வரிசையாக எழுதி, அட்டவணையின் நகலையும் அந்த மேஜரின் கடிதத்தையும் சேர்த்தோம்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ராணுவத் தாள் எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோவில் வைக்க முடியாது. "தெர்ஹாட்" (கட்டுப்படுத்தப்பட்டது), "சூலிட்" (அந்தரங்கமானது) என்று முத்திரை குத்திய எதையும் தொடாதீர்கள், 1972-ஆம் ஆண்டு அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் உங்களை விடாது. தளவாடக் கையேடு, கெம்மின் உள்பக்கப் படம், வண்டி எண்ணிக்கை, எதுவும் வேண்டாம். அவை தேவையும் இல்லை. கோர்ஸ் சான்றிதழ், பதவி உயர்வுக் கடிதம், வருடாந்திர மதிப்பீடு, மேலதிகாரி நீங்கள் செய்த வேலையைப் பொதுவான சொற்களில் விவரித்து எழுதிய கடிதம், இவையே போதும். வைக்கலாமா என்று சந்தேகம் வந்தால் பழைய யூனிட்டில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் போர்ட்ஃபோலியோ என்று இல்லை. சிலவற்றுக்குச் சவால் தேர்வு வைப்பார்கள், பாடம் படிக்காமலே தேர்வு எழுதித் தேற வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் பாடத்தின் ஒவ்வொரு கற்றல் பயனிலும் குறைந்தது பாதி மதிப்பெண் வேண்டும், ஒன்றில் பிரமாதமாகச் செய்து இன்னொன்றில் கோட்டை விட்டால் கிரெடிட் இல்லை. தேர்வு எந்த மொழியில் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். பட்டாளத்தில் எல்லாம் மலாயில் நடந்து பழகியவருக்கு ஆங்கிலத் தாள் திடீரென்று முன்னால் வந்தால் தெரிந்த விடையும் எழுத வராது.

சித்தப்பா கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை. மனிதவள நிர்வாகம், பணியிடப் பாதுகாப்பு, சரக்கிருப்பு நிர்வாகம் ஆகியவை கிடைத்தன, கணக்கியல் கிடைக்கவில்லை. கிடங்கில் வரவு செலவு எழுதியது கணக்கியல் ஆகாது என்றார்கள், அது நியாயம்தான், அவர் ஐந்தொகை தயாரித்ததே இல்லை. நியாயமில்லாதது வேறு இடத்தில் நடந்தது. முதலில் போன ஒரு தனியார் கல்லூரியின் முகப்பில், ராணுவ அனுபவத்துக்கெல்லாம் கிரெடிட் கிடையாது என்று பாரத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கல்லூரிக்கு ஏபெல் சி வழங்கும் அனுமதி இல்லை என்று சொல்லியிருந்தால் அது பதில். அப்படி ஒன்றே கிடையாது என்று சொன்னது, முதல்முறை படிக்கத் துணிந்து வந்த மனிதரை வீட்டுக்கே திருப்பி அனுப்பும் காரியம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் எம்கியூஏ இணையத்தளத்தில் இருக்கிறது, யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல் அதைப் பாருங்கள். வேலை செய்துகொண்டே படிக்கிற வயதுவந்தவர்களுக்காகவே இருக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் முதலில் விசாரியுங்கள், ஜார்ஜ்டவுனிலேயே சுல்தான் அகமட் ஷா சாலையில் ஒன்று இருக்கிறது.

பட்டப்படிப்பு வேண்டாம், கைத்தொழிலுக்குச் சான்று போதும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின் பிபிடி முறையில், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டியே எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். மெக்கானிக், மின்பணியாளர், சமையல்காரர் போன்றவர்களுக்கு இது பொருத்தம்.

இன்னும் சேவையில் இருப்பவர்களுக்கு: வெளியே வந்த பிறகு தாள் தேடுவது பெரும்பாடு. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சபாவுக்கு மாறியிருப்பார், அல்லது அவரே ஓய்வு பெற்றிருப்பார். கடைசி வருடத்தில் முன்னாள் ராணுவத்தினர் நலனுக்கான சுங்கை பூலோ பெர்ஹெபாட்டில் எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று யோசிக்கும்போதே, போன ஒவ்வொரு கோர்ஸின் பாடத்திட்டத்தையும் எத்தனை நாள் நடந்தது என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள், வைக்கக்கூடியவற்றை மட்டும். கடிதம் எழுதித் தரக்கூடிய அதிகாரிகளிடம் இப்போதே பேசுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது "என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா" என்பதோடு நிற்காமல், எந்தெந்தப் பாடங்களுக்கு ஏபெல் சி உண்டு, ஒரு பாடத்துக்குக் கட்டணம் எவ்வளவு, அதைச் சாதாரணமாகப் படித்தால் எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.