கணக்கருக்குச் சம்பளம் தருவது யார்?

ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பயனாளிகளின் எண்ணிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒவ்வொரு செலவுச் சீட்டையும் உரிய நல்கையின் (ஒரு பணிக்கென வெளியிலிருந்து தரப்படும் நிதியுதவியின்) கீழ் பதிந்து, தணிக்கையாளரின் கேள்விகளுக்குப் பழைய கோப்புகளில் பதில் தேடும் ஆள் எந்தப் பக்கத்திலும் இருக்கமாட்டார். ஒரு சிறிய நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் அந்த ஆளாக இருந்தேன். தொண்டு நிறுவனங்களின் நிர்வாகத்தையும் திறன் மேம்பாட்டையும் தாங்குவதற்கென்றே நிதி தரும் அமைப்புகள் உலகில் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்று எழுதுவதற்கு அந்த ஒன்பது ஆண்டுகளே காரணம்.

எங்களுக்கு நான்கு இடங்களிலிருந்து நிதி வந்தது. ஒருவருக்கு ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்கும், ஒருவருக்கு ஏப்ரலில், இன்னொருவருக்கு ஜூலையில், நான்காமவருக்கு நல்கை கைக்கு வந்த தேதியிலிருந்து. நால்வரும் கேட்ட செலவுத் தலைப்புகள் வேறு, அறிக்கைப் படிவங்கள் வேறு. என் சம்பளத்தை நான்காகப் பிரித்து எழுதினோம். ஆனால் நான்கு பங்கையும் கூட்டினால் முழுச் சம்பளம் வராது. நால்வரும் நிர்வாகச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்புக்குள் அடங்காத மிச்சத்தை எவரும் தமது பொறுப்பாகக் கருதவில்லை.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு எளியது. களப்பணிக்கு நேரடியாக 100 செலவாகிறது. அந்தப் பணி நடப்பதற்கு வேண்டிய வாடகை, கணக்கு, தணிக்கை, கணினி, ஆள்சேர்ப்பு ஆகியவற்றுக்கு 25 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்கை தருபவர் நிர்வாகத்துக்கு 10 மட்டும் அனுமதித்தால் 15 குறைகிறது. வழக்கமான வியாபாரத்தில் விற்பனை கூடினால் குறை தீரும். இங்கே நல்கை கூடக் கூடக் குறையும் கூடுகிறது. வாடகை எல்லா நல்கைகளுக்கும் பொதுதானே என்று கேட்கலாம். வாடகை பொதுதான், ஆனால் நான்கு வகை அறிக்கைகளுக்கான உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. புதிய நல்கை கிடைத்த செய்தி வரும் நாளில் களப்பணியாளர்கள் மகிழ்வார்கள். நான் மட்டும் அடுத்த மார்ச் மாதத்தை நினைத்துக் கவலைப்படுவேன்.

இந்த நிலைக்கு 2009ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்க இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை ‘பட்டினிச் சுழற்சி’ என்று பொருள்படும் பெயரைத் தந்தது. நிதியளிப்போர் நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்குக் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார்கள். நிறுவனங்கள் அதற்கு இணங்கிச் செலவைச் சுருக்குகின்றன, அல்லது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. அப்படிக் காட்டிய எண்ணே அடுத்த ஆண்டின் எதிர்பார்ப்பாகிறது. பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனை அமைப்பு 2016இல் 20 தொண்டு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, மறைமுகச் செலவு, அதாவது நிர்வாகம் போன்ற பொதுச் செலவு, நேரடிச் செலவில் 21 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காடு வரை பரவியிருந்தது. இடைநிலை அளவு 40 விழுக்காடு. ஓர் ஆய்வுக்கூடம் நடத்துவதற்கும் ஒரு மாலை நேர வகுப்பு நடத்துவதற்கும் தேவைப்படும் நிர்வாகம் ஒன்றல்ல என்பதால் இந்தப் பரவல் எனக்கு வியப்பளிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்ற விதிதான் வியப்பளிக்கிறது.

அரசுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. அமெரிக்கக் கூட்டரசு தனது நல்கைகளில், அரசுடன் தனியே பேசி முடிவுசெய்த விகிதம் இல்லாத அமைப்புகள் கேட்டுப்பெறக்கூடிய மறைமுகச் செலவை 2024 அக்டோபர் முதல் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தியது. இந்தியா 2020இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நிதியிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. அதே திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் தடைசெய்தது. என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய அடி. பெரிய நிதியை வாங்கி, பிரித்து, கணக்கும் பயிற்சியும் சேர்த்துச் சிறிய அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த இடைநிலை நிறுவனங்கள் செய்த வேலையை வேறு யாரும் எளிதில் செய்துவிட முடியாது.

ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் ‘பில்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அதற்கு நூறு கோடி டாலர் ஒதுக்கியது. தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு நல்கை; அதில் பெரும்பகுதியை அவர்களே தீர்மானித்துச் செலவிடலாம்; ஒரு பகுதி நிதி நிர்வாகம், தலைமை, பாதுகாப்பு, காப்பு நிதி போன்ற நிறுவனக் கட்டுமானத்துக்கு. எனக்கு இதில் பிடித்தது தொகையல்ல. நீண்ட காலம், கட்டுப்பாடற்ற பணம், நிறுவன வலுவூட்டல் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுதான். பயிற்சி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நிதி மேலாண்மை பற்றி இரண்டு நாள் பயிலரங்குக்கு எங்களை அழைத்தார்கள். பயிற்றுநர் நல்லவர், பாடமும் நல்ல பாடம். பணத்தைக் கையாள்பவரும் பதிவுசெய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு வேலைக்கும் நான் ஒருவரே இருந்தேன். எங்களிடம் அறிவுக் குறைவு இருக்கவில்லை, ஆள்தான் குறைவு.

மாறாக, ஒரு சிறிய அறக்கட்டளையிலிருந்து வந்த அலுவலர் என் மேசைக்கு எதிரே அமர்ந்து, “உங்களுக்கு எது இல்லாததால் மற்ற எல்லாம் தாமதமாகிறது?” என்று கேட்டார். இரண்டாவது கணக்கர் என்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருவருக்குச் சம்பளமும், மாதம் இரண்டு நாள் வந்து எங்கள் கணக்குத் தலைப்புகளைச் சீரமைக்க அனுபவமிக்க ஒருவரையும் தந்தார்கள். நான்கு நிதியளிப்போரின் படிவங்களுக்கும் ஒரே பதிவிலிருந்து அறிக்கை எடுக்கும் முறையை அவர்தான் வகுத்தார். அதுவரை ஒரு மாதத்தின் கணக்கை முடிக்க ஏழு வாரம் ஆகும். ஓராண்டில் அது பன்னிரண்டு நாளாகச் சுருங்கியது. ஒரு திட்டத்தில் பணம் தீரப்போகிறது என்பதைத் தீர்ந்தபின் அல்லாமல் தீருமுன்பே சொல்ல முடிந்தது அப்போதுதான். களத்தில் இரண்டு பேரின் வேலை அதனால் தப்பியது.

இன்னொன்றையும் அந்த அறக்கட்டளை சரியாகச் செய்தது. அந்த ஆலோசகர் கண்டறிந்த குறைகளின் அறிக்கை எங்களிடம் மட்டுமே தரப்பட்டது. பணம் தந்தவர்களுக்கு அதன் நகல் போகவில்லை. இதைச் சிறிய விஷயமாக எண்ணவேண்டாம். அடுத்த நல்கையைத் தீர்மானிப்பவரே இன்று உங்கள் பலவீனங்களைப் பட்டியலிடச் சொன்னால், எந்த நிறுவனமும் உண்மையான பலவீனத்தை எழுதாது. திறன் மதிப்பீட்டுப் படிவங்களில் ‘நடுத்தரம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு நானே எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன்! நோயை மறைத்துவிட்டு மருந்து வாங்குவது போன்றது அது.

நிர்வாகத்தை முழுவதுமாகத் தாங்கிக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய டைட்ஸ் போன்றவை, சொந்தமாகப் பதிவுபெறாத முயற்சிகளைத் தம் சட்ட நிழலில் ஏற்று, வங்கிக் கணக்கு, ஊதியம், வரித் தாக்கல், காப்பீடு ஆகியவற்றைக் கவனித்து, வரவில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுகின்றன. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு 2006இல் உருவான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி இதே பணியைச் செய்கிறது. நான்கு பேர் சேர்ந்து தொடங்கும் முயற்சிக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தாங்கும் தூண் விழுந்தால் எல்லாரும் வெளியே நிற்கவேண்டும். 2024 பிப்ரவரியில் ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தபோது, நூற்றுக்கணக்கான குழுக்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று. ஆகவே அத்தகைய அமைப்புடன் இணையுமுன், பிரிய நேர்ந்தால் எங்கள் பணமும் பதிவுகளும் எத்தனை நாளில், எந்த வடிவில் கைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

எங்கள் இரண்டாவது கணக்கரின் கதைக்கு வருகிறேன். முதலாண்டு முழுச் சம்பளமும், இரண்டாமாண்டு பாதியும் தருவதாக அந்த அறக்கட்டளை தொடக்கத்திலேயே எழுத்தில் கூறியிருந்தது. அதனால் முதலாண்டின் நடுவிலேயே மற்ற நால்வரிடமும் போய், இந்தச் சம்பளத்தின் ஒரு பங்கை நிர்வாகச் செலவாக அல்லாமல் திட்டத்தின் நேரடிச் செலவாகவே ஏற்கும்படி, அவரது நேரப் பதிவேட்டைக் காட்டிக் கேட்டோம். இருவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மறுத்தார். நான்காமவர் அடுத்த நல்கையில் பார்க்கலாம் என்றார். அடுத்த நல்கையில் அந்தச் சம்பளப் பங்கைச் சேர்த்து அனுப்பினோம், அவர் அதை நீக்காமல் கையெழுத்திட்டார்.