ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு கோப்பு

கோடை விடுமுறைப் பயிற்சிகளில், எங்களைப் போன்ற ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இஸ்ரோவின் ‘யுவிகா’. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான இந்த இரண்டு வார விண்வெளி அறிவியல் பயிற்சி 2019இல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் நின்றிருந்து, 2022 முதல் மீண்டும் நடக்கிறது. திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா உள்ளிட்ட மையங்களில் மாணவர்கள் தங்கிப் பயில்கிறார்கள். தங்குமிடம், உணவு, பாடப்பொருள்கள், மாணவருக்கும் உடன் வரும் ஒரு பெற்றோருக்குமான ரயில் கட்டணம் ஆகிய அனைத்தையும் இஸ்ரோவே ஏற்கிறது. செலவை எண்ணித் தயங்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2024ஆம் ஆண்டுத் தேர்வுமுறையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடும், இணையவழி வினாடி வினாவுக்கு 10 விழுக்காடும், ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கு 15 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தப் பதினைந்து சலுகை அன்று, நியாயம் என்றே நான் கருதுகிறேன். மீதமுள்ள 25 விழுக்காடு அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாடு, விளையாட்டு, சாரணர் இயக்கம் போன்றவற்றுக்குரியது. அதைப் பெறச் சான்றிதழ் வேண்டும். எங்கள் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்.

அந்த ஆண்டு விண்ணப்பித்த என் மாணவி ஒருத்தி, ஏழாம் வகுப்பில் படித்தபோது குளுக்கோஸ் ஏற்றும் குழாய்களைக் கொண்டு சொட்டுநீர்ப் பாசன மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சி வரை சென்றவள். சான்றிதழைக் கேட்டபோது வீட்டுக்கு அழைத்துச் சென்று காட்டினாள். அவளுடைய அம்மா அதை மைதாப் பசை தடவி, நாள்காட்டிக்குப் பக்கத்தில், வருவோர் போவோர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டியிருந்தார். ஐப்பசி மழையில் சுவர் ஊறி, பெயர் எழுதியிருந்த மை முழுவதும் கரைந்து, முத்திரையின் ஊதா வட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. சுவரிலிருந்து உரித்தால் அதுவும் கிழிந்துவிடும். மாவட்ட அளவிலான பங்கேற்புக்குரிய 5 விழுக்காட்டை அவளால் கோர முடியவில்லை. தேர்வுப் பட்டியலிலும் அவள் பெயர் வரவில்லை. அந்த ஐந்தால்தான் வாய்ப்பு போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து 351 பேரே பங்கேற்ற பயிற்சியில் ஐந்து என்பது சிறிய எண் அன்று. ஒன்பதாம் வகுப்பில் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால் மறு ஆண்டு முயலவும் வழியில்லை. சான்றிதழ் வந்த அன்றே ஒரு நகல் எடுத்துப் பள்ளியில் வைத்திருக்க வேண்டியவள் நான்.

பயிற்சியில் பிள்ளைகள் விஞ்ஞானிகளின் உரைகளைக் கேட்பதோடு ஆய்வகங்களையும் பார்க்கிறார்கள். ஏவூர்தி மாதிரிகளைச் செய்து பறக்கவிடுகிறார்கள். குளிர்பானக் குவளைக்குள் அடங்கும் ‘கேன்சாட்’ என்னும் சிறு செயற்கைக்கோள் மாதிரியிலும் கைவைத்துப் பழகுகிறார்கள். குளுக்கோஸ் குழாயில் துளையிட்டுச் சொட்டின் வேகத்தை எண்ணிப் பார்த்த அந்தக் கைகளுக்கு அந்தக் குவளை எட்டியிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

முந்தைய மூன்று ஆண்டுகளின் கண்காட்சிகள் கணக்கில் கொள்ளப்பட்டதால், ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து, தலைமையாசிரியர் அறையிலுள்ள பீரோவில் வைத்து வருகிறோம். அசல் வீட்டுக்கும் நகல் பீரோவுக்கும் போகும். விண்ணப்பக் காலம் ஆண்டுத் தேர்வை ஒட்டிப் பிப்ரவரி, மார்ச்சில் வருவதால், மின்னஞ்சல் முகவரி உருவாக்குவதையும் வினாடி வினாப் பயிற்சியையும் பொங்கல் விடுமுறை முடிந்ததுமே தொடங்கிவிடுகிறோம். சென்ற வாரம் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி அளவிலான கண்காட்சியில் பெற்ற சான்றிதழைக் கொண்டுவந்து, “மிஸ், என் பேர் போட்ட கோப்பு எது?” என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன், நகலை அவனே உள்ளே வைத்துக் கட்டினான்.