ஒரே நாளில் மூன்று அப்டேட்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து மூன்றையும் முடித்துவிட்டேன்: மதர்போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்), அப்புறம் கிராபிக்ஸ், வைஃபை இரண்டின் டிரைவர்கள் (அந்தப் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்). பயாஸ் எழுதும்போதுதான் பயம். திரையில் ஒரு பட்டை, பக்கத்தில் சதவீதம், கீழே மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை. 63-க்கு வந்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையவே இல்லை. பயாஸ் இருப்பது நகத்தளவு சிப்பில். அதில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். பாதியில் கரண்ட் போனால் பழையதும் கிடையாது, புதியதும் கிடையாது. யூபிஎஸ் இருந்ததால்தான் இறங்கினேன்.

ரீஸ்டார்ட் ஆனதும், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் மாதிரி சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், மாறியிருப்பது தெரிந்ததும் டிஸ்கைத் திறக்காமல் நிறுத்திவிட்டது. அது அதன் வேலை, தப்பில்லை. சாவியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுதி. விரலை வைத்துப் படித்துப் படித்துத் தட்டினேன். பயாஸில் கைவைக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "இது எழுந்திருக்கவே மாட்டேங்குதுப்பா, வந்து பாரு." ஸ்லீப்பில் போன கம்ப்யூட்டர். ஃபேன் ஓடுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. என்ன தட்டியும் பயனில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

தாத்தா எழுதிய கடிதங்களை அப்பா ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துவருகிறார். ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுவார், ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். இன்றைய பக்கத்தில் பாதி போய்விட்டது.

"நேத்து நீ ஏதோ பண்ணிட்டிருந்தியே, அதனாலயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதனால் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் இந்நேரம் கையை நீட்டிச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 5, புதன்

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். சிவப்பு நிறத்தில் கர்னல்-பவர் 41 என்ற பிழைப் பதிவு வரிசையாக நிற்கிறது. முதலில் பதறிவிட்டேன். அப்புறம் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றும் நான் பட்டனை அழுத்தி அணைத்ததற்கான பதிவு. முறையாக அணைக்காமல் மறுபடி கிளம்பினால் 41 விழும். அது விளைவு, காரணம் இல்லை. இந்த எண்ணைப் பார்த்து பவர் சப்ளையை மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

இதற்கு நடுவில் வைஃபையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறுந்து போகிறது.

மார்ச் 6, வியாழன்

டிவைஸ் மேனேஜரில் வைஃபை டிரைவரை மட்டும் பழையதற்குத் திருப்பினேன். சாயங்காலம் வரை அறுபடவில்லை. ஒன்று தீர்ந்தது.

மார்ச் 8, சனி

தீரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதே வைஃபை டிரைவர் தானியங்கி அப்டேட்டில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி திருப்பினேன். டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் "வேண்டாம்" என்று மாற்றி, அப்டேட்டையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தேன். பயனர் வேண்டாம் என்று திருப்பிய ஒன்றைக் கேட்காமல் திரும்பப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருப்பியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும் அல்லவா?

மதியம் கிராபிக்ஸ். அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து டிரைவரை முழுதாக நீக்கி, போன மாதத்துப் பதிப்பைப் போட்டேன். அப்புறம் சோதனை. ஐந்து நிமிட ஸ்லீப் என்றால் எழுந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் விட்டால்தான் கறுப்புத் திரை. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மணி நேரம். மூன்று தடவை விட்டுப் பார்த்ததில் இரண்டு தடவை எழவில்லை. கிராபிக்ஸ் மேல் தப்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பயாஸ் அமைப்புகளை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தேன். மெமரி வேகத்தையும் சாதாரண அளவிலேயே விட்டேன். அப்படியும் கறுப்புத் திரை. அமைப்புகள் காரணமில்லை என்றால் மிச்சம் பயாஸ் பதிப்புதான்.

மார்ச் 11, செவ்வாய்

புதிய பயாஸின் ரிலீஸ் நோட்ஸைத் தேடிப் படித்தேன். ஒரே வரி: சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டது. எதன் ஸ்டெபிலிட்டி, யாருக்கு என்ன கோளாறு இருந்தது, எதைத் தொட்டார்கள், ஒன்றும் இல்லை. ஸ்லீப் பகுதியில் கைவைத்தோம் என்று ஒரு சொல் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். என் ஒரு வார உழைப்பு அந்த வெற்று வரியில் போயிற்று.

2018 ஜனவரியில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பிராசஸர்களில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பது வெளியே தெரிந்ததும், பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடுக்கு அவசரமாக அப்டேட்டுகள் வந்தன. சில கம்ப்யூட்டர்கள் தாமாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. ஜனவரி 22-ஆம் தேதி இன்டெலே அந்தப் பதிப்புகளைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் அதன் ஒரு பகுதியை முடக்க மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் விட்டது. நிறுத்துங்கள், இதில் கோளாறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

பழைய பயாஸுக்கே திரும்பிவிட்டேன். எல்லா போர்டும் இதற்கு விடாது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பழைய பதிப்பை ஏற்காத ஃபர்ம்வேர்களும் உண்டு. இது விட்டது. இந்தத் தடவை முதலில் பிட்லாக்கரை நிறுத்தினேன். பென் டிரைவை பயாஸ் படிக்கக்கூடிய ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தேன். ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண், தளத்தில் போட்டிருந்ததோடு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே தொடங்கினேன். பட்டை எங்கும் நிற்காமல் ஓடியது.

இன்று வேறெதையும் தொடவில்லை. கிராபிக்ஸ் டிரைவரைப் புதியதற்கு மாற்றுவது அடுத்த வாரம்.

மார்ச் 16, ஞாயிறு

ராத்திரி முழுக்க ஸ்லீப்பில் விட்டிருந்தேன். காலையில் ஒரு தட்டில் எழுந்தது.

தம்பியிடம் போனில் சொன்னேன். "இனிமே அப்டேட் பக்கமே போகாத அண்ணா" என்றான். என்னால் அப்படி இருக்க முடியாது. 2019 நவம்பரில் எச்பி என்டர்பிரைஸ் ஓர் அறிவிப்பு விட்டது. அதன் சில சர்வர் எஸ்எஸ்டிகள் (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்குகள்) 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருப்பதை மீட்கவும் முடியாது. அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். சேர்ந்து வாங்கிப் பொருத்திய டிஸ்குகள் சேர்ந்தே போகும். தீர்வு ஃபர்ம்வேர் அப்டேட் மட்டும்தான். ஓடுகிறதே என்று விட்டவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் போயிருக்கும். அதனால் டிஸ்க் அப்டேட் என்றால் அன்றைக்கே படிப்பேன். ஸ்டெபிலிட்டி என்ற ஒற்றை வரியோடு வரும் பயாஸ் என்றால் மற்றவர்கள் போட்டு ஒரு மாதம் ஆகட்டும்.

மார்ச் 22, சனி

கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதியது. ஐந்து தடவை ஒரு மணி நேர ஸ்லீப், ஐந்து தடவையும் எழுந்தது. பழைய பயாஸ் ஃபைலைப் பென் டிரைவிலேயே வைத்து, பதிப்பு எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி, சாவித் தாளோடு டிராயரில் போட்டேன்.

அன்று அழிந்துபோன பாதிப் பக்கத்தை அப்பா மறுபடி முதலிலிருந்து தட்டி முடித்திருந்தார். அடுத்த கடிதத்தில் பாதியில் எழுந்து, "அப்படியே விட்டுட்டுப் போலாமா?" என்று கேட்டார். "சேவ் பண்ணிட்டுப் போங்கப்பா" என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து மவுஸை அசைத்தார். கர்சர் "நலம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.