சம்பளப் பேரேட்டில் வராத கூலி

மதுரையில் ஓர் இனிப்பு, காரக் கடையில் 1996 முதல் கணக்கு எழுதி வருகிறேன். நான் சேர்ந்தபோது மாதச் சம்பளப் பட்டியல் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். "நெய்யும் கடலைமாவும்தான் செலவு, ஆள் கூலியெல்லாம் ஒரு செலவா?" என்பார் பெரிய முதலாளி. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பட்டறை ஆட்களின் மூன்று வேளைச் சாப்பாடு மளிகைக் கணக்கிலும், அவர்கள் படுத்துறங்கிய மாடியறை கட்டட வாடகையிலும், தீபாவளி வேட்டி சட்டை இதர செலவிலும் போய் உட்கார்ந்திருந்தன. பலகாரம் செய்யும் தலைமைச் சமையல்காரரான சரக்கு மாஸ்டருக்குக் கொடுத்த முன்பணம் கடன் பற்றில் இருந்தது. அது தீரும்வரை அவர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்பதே அதற்கான வட்டி. இன்று அதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆட்கள் இருபதை எட்டியதும் வருங்கால வைப்பு நிதி வந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கடையின் பங்கு 12 சதவீதம். வேட்டி சட்டையின் இடத்தை 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ் பிடித்துக்கொண்டது. விலைவாசிக் குறியீட்டெண்ணை ஒட்டி ஏப்ரல் தோறும் அகவிலைப்படி மாறும். இத்தனை ஆண்டுகளில் குறைந்து நான் பார்த்த விகிதங்களில் ஒன்று ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு; கடையின் பங்கு 2019 ஜூலையில் 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆக இறங்கியது. கூலி ஏறிவிட்டதென்று சின்ன முதலாளி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், ஏறியதில் ஒரு பகுதி பழைய செலவு கூலி என்ற தன் கணக்குத் தலைப்புக்குத் திரும்பி வந்ததுதான் என்று சொல்லிப் பார்ப்பேன்.

இயந்திரங்கள் ஓரளவுக்கு உதவின. ஊறிய கோதுமையை அரைத்துப் பிழிந்த பாலை இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போட்டுக் கிண்டிய அல்வாவை, மோட்டார் பொருத்திய கடாய் வந்தபின் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். மறுபுறம் புது வேலைகளும் சேர்ந்தன: 2020 அக்டோபர் முதல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைப்பது கட்டாயமானதால், ஒருவருடைய காலை நேரத்தில் அரைமணி அதற்கே போகிறது.

கைமுறுக்கில் மட்டும் ஆள் கூலி கொஞ்சமும் இறங்கவில்லை. முறுக்குச் சுற்றும் அக்கா வெள்ளைத் துணியை விரித்து, விரலில் எண்ணெய் தொட்டு, மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே முறுக்கிக்கொண்டே நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றி வருவார். ஐந்து சுற்றுவரை கை தானாக ஓடும். ஒன்பதாவது சுற்றில் மூச்சைப் பிடித்துக்கொள்வார், மாவு சற்று உலர்ந்திருந்தாலும் அங்கேதான் விண்டுபோகும். அவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி; விண்டதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்று நான் வாதாடிச் சேர்த்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான்.

சென்ற ஆவணியில் சீர் வரிசைக்கு ஒன்பது சுற்று முறுக்கு 101 கேட்டு ஒருவர் வந்தார். விலையைச் சொன்னதும், "அரிசிமாவுக்கா இவ்வளவு?" என்றார். மாவு, வெண்ணெய், எண்ணெய் மூன்றும் சேர்ந்தாலும் பாதி விலை வராது, மீதி கைக்கூலி என்று அடக்கவிலைத் தாளையே அவர் முன் திருப்பி வைத்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "51 போதும், ஐயா" என்று முன்பணம் கட்டினார்.