ஹிகோனேயில் கொம்பு வைத்த பூனையும் எங்கள் எருமையும்

ஜப்பானிலிருந்து வந்து பெட்டியில் இருக்கும் அழுக்குத் துணியைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

போனது நான், அக்கா, ஏகாம்பரம். ஏகாம்பரம் என்பது கறுப்புக் கம்பளி நூலில் பின்னிய எருமை. உள்ளங்கையில் அடங்குவான். இடது கொம்பு நன்றாக வளைந்து மேலே பார்க்கும். வலது கொம்பு, பின்னியவருக்கு நூல் தீர்ந்துவிட்டதோ என்னவோ, பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான்கள். அவையும் ஒரே அளவில்லை. அதனால் எதைப் பார்த்தாலும் லேசாகச் சந்தேகப்படுகிற முகம். என் பயணப் படங்களில் நான் இருக்கமாட்டேன், அவன்தான் இருப்பான். ஒவ்வொரு கோபுரத்தின் முன்னாலும் அசட்டுச் சிரிப்போடு நிற்கும் என்னை யார் பார்க்கப்போகிறார்கள்? எருமை நின்றால் எல்லோரும் பார்க்கிறார்கள்.

கிளம்பும்போதே அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "கூட்டத்துல அதை வெளிய எடுக்காதடா, மானம் போயிடும்." டோக்கியோவில் முதல் ரயில் ஏறியதுமே அந்த நிபந்தனை காலாவதியாகிவிட்டது. எதிரே நின்ற அலுவலகப் பெண்ணின் கைப்பையில் கண்ணாடி மாதிரி தெரியும் சின்ன உறை ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு பொம்மை, கழுத்தில் கட்டம் போட்ட துண்டோடு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. பெட்டியில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மையை வெளியே கூட்டிப்போய்ப் படம் எடுப்பது அங்கே பெரியவர்களின் பொழுதுபோக்கு. காபிக் கடைகளில் ஐஸ்கிரீம் கோப்பைக்குப் பக்கத்தில் பொம்மையை நிறுத்தி, வெளிச்சம் பார்த்து, படம் எடுத்து முடித்த பிறகுதான் கரண்டியையே தொடுகிறார்கள். பொம்மையை மட்டும் தபாலில் அனுப்பினால் ஊரைச் சுற்றிக் காட்டி, படமெடுத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்பும் பயண நிறுவனம்கூட டோக்கியோவில் தொடங்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் மானம் எங்கே போகும்!

நூறு யென் கடைகளில் இதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. வரியோடு 110 யென். குட்டி நாற்காலி, குட்டித் தொப்பி, மழைக் கோட்டு எல்லாம் உண்டு. ஆனால் உடைகள் அத்தனையும் இரண்டு காலில் நிற்கும் பொம்மைகளுக்கு. நான்கு கால் எருமைக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஒரு நாற்காலியும் கண்ணாடி உறையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இல்லாவிட்டால் பட்ஜெட் அங்கேயே பல்லிளித்திருக்கும்.

டோக்கியோவில் பார்த்ததில் கோதோகுஜி கோயிலை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஓடக்யூ பாதையில் அதே பெயர் கொண்ட நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். கை தூக்கி அழைக்கும் அந்த வெள்ளைப் பூனை பொம்மைகள், விரல் அளவிலிருந்து பானை அளவு வரை, அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. கடைகளில் விற்கும் பூனைகள் மாதிரி இவற்றின் கையில் தங்கக் காசு இல்லை, வலது கை மட்டும் மேலே. ஹிகோனே சிற்றரசின் தலைவரான இயி நவோதகா இந்தப் பக்கம் வந்தபோது ஒரு பூனை கையசைத்து உள்ளே அழைத்ததாம். அவர் உள்ளே போனதும் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டதாம். பிழைத்தவர் நன்றிக்கடனாகக் கோயிலை வளர்த்தார், இயி குடும்பத்தின் கல்லறைகளும் இங்கேதான் இருக்கின்றன. 1860இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டை வாசலில் வெட்டிக் கொல்லப்பட்ட இயி நவோசுகேயும் இங்கே அடக்கமானவர்தான். அந்தப் பூனைகள் எல்லாம் யாரோ வேண்டிக்கொண்டு வைத்தவை. நடுவே இடம் பண்ணித் தங்கள் பொம்மையை நுழைத்துப் படமெடுத்த ஒரு ஜோடியைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. நாங்கள் ஏகாம்பரத்தைக் கீழே தரையில், ஓரமாக நிறுத்தினோம். படம் நன்றாகத்தான் வந்தது.

இனி பணம். ஜப்பான் ரயில் பாஸ் மலிவு என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 7 நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் தனிச்சீட்டு எடுத்தாலே தலைக்குச் சுமார் 14,000 யென். அக்கா கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டு, "ராத்திரி பஸ்ல போயிடலாம், ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்" என்றாள்.

அந்தப் பேருந்தைப் பற்றி என்ன சொல்ல! ஜப்பானில் எல்லாமே சொகுசு என்று நம்பிக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அகலவாக்கில் மூன்று வரிசை இருக்கைகள் உள்ள பேருந்து, நான்கு வரிசை உள்ள பேருந்து என்று இரண்டு வகை. மலிவு நான்கு வரிசை. முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும், பக்கத்தில் இருப்பவர் தோள் நம் மேல் இருக்கும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்து, எல்லாத் திரைகளையும் இழுத்து மூடிவிடுகிறார்கள். கைபேசி வெளிச்சம்கூடக் கூடாது. தூக்கம் வராதவன் அந்த இருட்டில் என்னதான் செய்வது? கண் செருகுகிற நேரம் பார்த்து ஓய்விடத்தில் வண்டி நின்றுவிடும். நடுநிசிக்கு மேல் குளிரில் இறங்கி, வரிசையாக நிற்கும் தானியங்கி இயந்திரங்களுக்கு முன்னால் சூடான சோளச் சூப்பு டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றதுதான் அந்த இரவின் ஒரே சுகம். எங்கள் இருக்கைக்கு நேர் மேலே வெப்பக் காற்று வேறு, அணைக்கவே முடியவில்லை. ஏகாம்பரம் கழுத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தலையணையாக வேலை பார்த்தான். காலையில் எழுந்தபோது என் கன்னத்தில் பின்னல் தடம் அச்சாக விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் காசு போட்டு மூன்று வரிசைப் பேருந்தில் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கியோட்டோவுக்கு ஒரு பத்தி போதும். அழகான ஊர், சந்தேகமில்லை. ஆனால் ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வளைவுகளுக்குள் பொம்மையைத் தரையில் வைத்துக் குனிவதற்குள் பின்னால் நூறு பேர் வந்து நின்றுவிடுகிறார்கள். கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான், அவ்வளவு அட்டகாசம் நடக்கிறது. நாங்கள் ரயில் ஏறிவிட்டோம்.

ஐம்பது நிமிடத்தில் ஹிகோனே. இந்த ஊருக்காகத்தான் இவ்வளவும். ஹிகோனே கோட்டை கட்டிய 400ஆவது ஆண்டு விழா 2007இல் நடந்தது, அதற்காக ஒரு பொம்மைச் சின்னத்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் ஹிகோன்யான். நவோதகாவைக் காப்பாற்றிய அந்தக் கோதோகுஜி பூனைக்கு, இயி படையின் சிவப்புத் தலைக்கவசத்தை மாட்டிவிட்டால் ஹிகோன்யான். கவசத்தில் இரண்டு பெரிய தங்கக் கொம்புகள்! ஏகாம்பரத்துக்கு உறவுக்காரன் இல்லையென்றால் வேறு யார்?

ஆள் உயர வேடமாக ஹிகோன்யான் கோட்டை வளாகத்தில் தினமும் குறிப்பிட்ட நேரங்களில் தோன்றும். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள், சில நாட்களில் மாறும். நாங்கள் போனபோது குழந்தைகள் கொஞ்சம்தான், பாட்டிமார்தான் அதிகம். உருண்டையான வெள்ளை உடம்பை ஆட்டி ஆட்டி, கழுத்து மணியோடு அது வெளியே வந்ததும் ஒரே கைதட்டல். ஹிகோன்யான் பேசாது. ஓடாது, ஆடாது. மெதுவாகத் தலையைச் சாய்க்கும், கையைத் தூக்கும், கொஞ்சம் இடது பக்கம் திரும்பும், அப்புறம் வலது பக்கம். அவ்வளவுதான். அதற்கே கூட்டம் உருகுகிறது. முதல் ஐந்து நிமிடம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து "ஆஹா" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

என் பக்கத்தில் நின்ற பாட்டியிடம் ஒரு ஹிகோன்யான் பொம்மை இருந்தது. மேலே கையால் பின்னிய ஊதா ஸ்வெட்டர். அவர் என் கையில் இருந்த ஏகாம்பரத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், பிறகு தன் பொம்மையின் கொம்பைத் தொட்டுக் காட்டினார். பையிலிருந்து கைக்குட்டை அளவில் ஒரு பாயை எடுத்துப் பெஞ்சில் விரித்து, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். ஏகாம்பரம் சாய்ந்து விழப்போனதும் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுத்தார். தொழில் நேர்த்தி! எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. பத்து நிமிடம் பேசினோம். மானம் போகும் என்ற அக்காதான் அங்கே தரையில் படுத்துப் படம் எடுத்தாள்.

கோட்டையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பழைய கட்டடமாகவே நிற்கும் கோட்டைக் கோபுரங்களில் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை ஐந்தே ஐந்து. அவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே மரப்படிகள் என்ற பெயரில் இருப்பவை ஏணிகள். ஒரு கையில் கழற்றிய செருப்புப் பை, சட்டைப் பையில் எருமை, இன்னொரு கையால் கைப்பிடி. மேலே ஏறினால் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடக்கிறது.

இறங்கியதும் அகோரப் பசி. இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு இங்கேதான் கிடைத்தது. ஓமி சான்போன், ஹிகோனேயில் பிறந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், காரட், முளைப்பயறு, பன்றி இறைச்சி எல்லாம் கோபுரமாகக் குவிந்திருக்கும், நூடுல்ஸைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பாதி சாப்பிட்ட பிறகு கொஞ்சம் வினிகர் ஊற்றிக்கொள்வது உள்ளூர் வழக்கம். ஊற்றினேன். அதுவரை சாதுவாக இருந்த சாறு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது, ரசத்தில் புளி ஏறியது போல. கடைக்காரம்மா மேசையில் இருந்த ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், சோயா சாஸ் ஊற்றும் குட்டித் தட்டில் ஒரே ஒரு முளைப்பயறை வைத்து, இரண்டு கையாலும் அவன் முன்னால் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை, வாடிக்கையாளருக்குப் பரிமாறும் அதே பணிவு. ரசீதில் அதற்குக் காசும் இல்லை. எங்கள் கிண்ணம் ஆயிரம் யென்னுக்குள் முடிந்தது.

இதை ஒசாகாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இசகாயா என்ற மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்ததும் கேட்காமலே இரண்டு கிண்ணம் வந்தது. நாலு துண்டு முட்டைக்கோஸ், மேலே கொஞ்சம் எள். இலவசம் என்று நினைத்துத் தின்றோம். ரசீதில் தலைக்கு 500 யென். ஒதோஷி என்று பெயராம், உட்கார்ந்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் அதைப் பற்றி எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி இல்லை. இது அந்த நாட்டு வழக்கம், ஏமாற்று இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்தும் எனக்கு வயிறு எரிகிறது. "நல்லவேளை, எருமைக்குத் தனியா போடல" என்றாள் அக்கா. சில கடைகளில் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் விட்டுவிடுவார்கள், சில கடைகளில் மாட்டார்கள். உள்ளே நுழையும் முன் கேட்டுவிடுங்கள்.

மான்கள் சுதந்திரமாகத் திரியும் நாராவுக்குப் பொம்மையோடு போகிறவர்கள் கவனம். மான்களுக்கென்றே விற்கும் பிஸ்கட் 200 யென். கையில் பார்த்ததும் அவை தலையைத் தாழ்த்தி வணக்கம் வைக்கும். பார்க்க என்ன பணிவு! ஒரு பிஸ்கட் தாமதமானதும் அந்தப் பணிவு பறந்துவிடும். பின்னாலிருந்து வந்த ஒன்று, உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் வாலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நான் இழுக்க, அது இழுக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பே நின்று வேடிக்கை பார்த்தது. வால் தப்பியது, இரண்டு மடங்கு நீளமாகிவிட்டது. விளையாட்டாகச் சொன்னாலும் இது மான்களுக்குத்தான் ஆபத்து. பிளாஸ்டிக் பைகளைத் தின்று இறந்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோக் கணக்கில் குப்பை எடுத்திருக்கிறார்கள். பொம்மை, வரைபடம், பை எதுவும் வெளியே தொங்க வேண்டாம்.

கடைசியாக வகயாமா பக்கம் கதா என்ற மீன்பிடி ஊர். போகும் ரயிலே ஒரு பொம்மைதான். இளஞ்சிவப்பு மீன் வேடம் போட்ட வண்டி, உள்ளே மரத்தில் செய்த மீன் வடிவப் பிடிகள். அவாஷிமா கோயிலில் மக்கள் தங்கள் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். கிமோனோ பொம்மைகள், தவளைகள், முகமூடிகள், பூனைகள் என்று வகை பிரித்து நிற்க வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 20,000 என்கிறார்கள். மார்ச் 3 அன்று ஒரு பகுதியைப் படகில் ஏற்றிக் கடலில் விடும் விழா நடக்கிறது. இணையத்தில் பலரும் இதைப் பேய்க் கோயில் மாதிரி எழுதியிருக்கிறார்கள். அபத்தம். யாரோ கொஞ்சி வளர்த்த பொம்மையைக் குப்பையில் போட மனம் வராமல் பூஜை செய்து அனுப்புகிறார்கள், இதில் பயப்பட என்ன இருக்கிறது?

குமாமோட்டோ மட்டும் விட்டுப்போனது. கியூஷூ ஷின்கான்சென் வருவதை ஒட்டி 2010இல் பிறந்த கரடிச் சின்னம் குமாமோன் அங்கே இருக்கிறான். 'மகிழ்ச்சித் துறை மேலாளர்' என்று மாகாண அரசு பதவியே கொடுத்திருக்கிறது. அடுத்த முறை நேராக ஃபுகுவோகாவில் இறங்குவதாக முடிவு. அங்கிருந்து ஷின்கான்செனில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பாஸ் தேவையில்லை, ராத்திரிப் பேருந்தும் தேவையில்லை. அக்கா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரே சிக்கல், குமாமோனும் கறுப்பு, ஏகாம்பரமும் கறுப்பு. பக்கத்தில் நிறுத்தினால் படத்தில் யார் எவர் என்றே தெரியாது. நூறு யென் கடையில் பார்த்த அந்த மஞ்சள் தொப்பியை வாங்கியிருக்கலாம்.