தண்டவாள ஊரில் ஒரு தேர்தல் வேலை

2022ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மூன்றாவது நாடாளுமன்ற (காங்கிரஸ்) தொகுதிக்கு உட்பட்ட புவெப்லோ என்னும் உருக்காலை நகரத்தில் தேர்தல் களப்பணியாளராகச் சில மாதங்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். பதவியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் லாரன் போபர்ட்டை மாற்றி, ஆஸ்பென் நகர மன்றத்தில் முன்பு உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஃபிரிஷுக்கு வாக்களியுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதே அந்த வேலை. போபர்ட் எளிதாக வென்றுவிடுவார் என்றே கணிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். நான் அதை நம்பவில்லை. அவர் அந்த இடத்தில் தொடரக் கூடாது என்று அன்று நினைத்தேன்; அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் சில வாரங்கள் அவருடைய நடத்தையைத்தான் வாசலில் நின்று சொன்னேன். 2021 ஜனவரியில் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து வாக்களித்தது, சக உறுப்பினரான இல்ஹான் ஒமரை அவருடைய மதத்தை வைத்து இழிவாகப் பேசியது, போர்க்களத்தில் குப்பை எரித்த குழிகளின் புகையால் நோயுற்ற படைவீரர்களைப் பற்றி 2022 மார்ச் 1 அன்று அதிபர் பைடன் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே கூச்சலிட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன். யாரும் மறுக்கவில்லை. அவர்கள் அதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். பார்த்த பிறகும் சிலர் அவருக்கே வாக்களிக்க இருந்தார்கள், வேறு சிலர் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தார்கள். புவெப்லோக்காரர்களுக்கு எங்கள் தரப்பின் மீதும் மனக்குறை இருந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜூன் மாதம் நடந்த கட்சியின் உள்தேர்தலில், அந்த ஊர்ப் பெண் வேட்பாளர் ஒருவர் 300க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஃபிரிஷிடம் தோற்றிருந்தார். ஆஸ்பென் பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட வரும் ஊர்; உருக்காலைப் புகையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரே அந்நியமாக இருந்தது.

பெஸ்ஸமர் என்னும் ஆலைத் தொழிலாளர் பகுதியில் ஒரு மூதாட்டி நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அவர் பேசியதை விடுங்கள். எங்கள் ஆலைக்கு என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். புவெப்லோ ஆலையில் தயாராவது ரயில் தண்டவாளம். 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் ரயில் போக்குவரத்துக்கு மட்டும் 6,600 கோடி டாலர் ஒதுக்கியது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் 13 பேர் அதை ஆதரித்தார்கள். தண்டவாளம் செய்யும் ஊரின் உறுப்பினரான போபர்ட் எதிர்த்து வாக்களித்தார். மறுநாள் முதல் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். பாதி சாத்திய கதவுகள் முழுதாகத் திறந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால், இல்லை என்று தலையசைத்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் முன்னதாகவே இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நவம்பர் 8 அன்று வாக்குப்பதிவு முடிந்தும் வேலை முடியவில்லை. கொலராடோவில் வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு தபாலிலேயே வந்துவிடும். திருப்பி அனுப்பும் உறையின் மேல் இடும் கையெழுத்து, பதிவேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்; எட்டு நாளுக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் அந்த வாக்கு எண்ணப்படாது. அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு நவம்பர் 16 வரை அலைந்தோம்.

ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவரின் சமையலறை மேசையில் அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே கிடந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கையெழுத்து மாறிப்போனதற்குக் காரணம் அதுதான். கைப்பேசி வழியாகவே சரிசெய்யலாம் என்று சொன்னேன். அடையாள அட்டையைப் படம் எடுத்த பின், திரையில் விரலால் கையெழுத்திட வேண்டியிருந்தது. இரண்டு முறை கோடு சிதறியது. மூன்றாவது முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக இட்டார். யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 18 அன்று ஃபிரிஷ் தோல்வியை ஏற்றுக்கொண்டார். வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் சட்டப்படி நடந்த மறு எண்ணிக்கை டிசம்பரில் முடிந்தபோது போபர்ட் 1,63,839, ஃபிரிஷ் 1,63,293 என்று கணக்கு நின்றது. வித்தியாசம் 546. அடுத்த மாதமே சபாநாயகர் தேர்தலைப் பதினைந்து சுற்றுகள் வரை இழுத்தடித்த உறுப்பினர்களில் போபர்ட்டும் ஒருவராக இருந்தார்.

வேலையை விட்டு வரும்போது, தெருவாரியாக வாக்காளர் பெயர்கள் கொண்ட என் நடைப் பட்டியல்களை ஒப்படைக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். செப்டம்பரில் நான் நடந்த தெருக்களில், பல பெயர்களுக்கு எதிரே 'வீட்டில் இல்லை' என்று என் கையால் குறித்திருந்தேன். அக்டோபரில் புதுத் தெருக்களைத் தேடிப் போனேனே தவிர, அந்தக் கதவுகளை இரண்டாம் முறை தட்டவில்லை.